போன ரீடிங் எவ்வளவு?

2021 செப்டம்பர் 14-ம் தேதி மாலை 6.41-க்கு அப்பாவிடமிருந்து எனக்கு ஒரு பிடிஎஃப் வந்திருக்கிறது. இருபத்தெட்டுப் பக்கம். 6.42-க்கு நான் பதில் போட்டிருக்கிறேன்: "சூப்பர்ப்பா, எல்லாம் நார்மல்." பக்கத்தில் ஒரு கட்டைவிரல். அந்த ஒரு நிமிடத்தில் நான் இருபத்தெட்டுப் பக்கத்தையும் பார்த்துவிட்டேன் என்று அப்பா நம்பியிருக்கிறார். படித்த பையன், சென்னையில் வேலை பார்க்கிறான், அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்தச் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை. அழித்தாலும் அவர் போனில் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளாமல் விட்டவர்களின் கதை நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்த பெரியப்பாக்களும் மாமாக்களும் இல்லாத குடும்பம் எது? என் பெரியப்பாவும் அப்படித்தான். 2012-ல் ஒரு விடியற்காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அவர் கதை இல்லை. அண்ணன் போன விதத்தைப் பார்த்துப் பயந்து, அடுத்த வருஷமே தானாகப் போய் மாஸ்டர் செக்கப் செய்துகொண்ட என் அப்பாவின் கதை. 2013-ல் தொடங்கி ஒரு வருஷம், இரண்டு வருஷம் விட்டு விடாமல் செய்தார். கொரோனா வந்த பிறகுதான் இடைவெளி நீண்டது. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் துணிக்கடைப் பையில் போட்டு, மேலே தேதி எழுதி, பீரோவின் கீழ்த்தட்டில் அடுக்கியிருந்தார். சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்த மனிதர். அப்படிப்பட்டவரின் கிட்னி, 2024 ஆகஸ்டில் பார்த்தபோது, பாதிக்கு மேல் போயிருந்தது.

இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

போல்டில் வந்த எழுத்துகள்

லேப் ரிப்போர்ட்டை நாம் எப்படிப் படிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். படிக்கவே மாட்டோம். எல்லை தாண்டியது என்று போல்டில், தடித்த எழுத்தில், ஏதாவது இருக்கிறதா என்று பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போவோம். அப்பாவின் ரிப்போர்ட்டுகளில் எப்போதும் போல்டில் இருந்தது வைட்டமின் டி. 2017-ல் பதினான்கோ என்னவோ. பாக்கெட்டில் வரும் அந்த அறுபதாயிரம் யூனிட் பொடியை வாரத்துக்கு ஒன்று பாலில் கலக்கிக் குடித்தார். அடுத்த ரிப்போர்ட்டில் அது சரியானதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பரீட்சையில் ஃபெயிலான பாடத்தை எழுதிப் பாஸான மாதிரி எனக்குப் போன் போட்டுச் சொன்னார். நானும் பாராட்டினேன்.

அந்த போல்ட் எழுத்து எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆரோக்கியமான நூறு பேரிடம் ஒரு பரிசோதனை செய்து, நடுவில் வருகிற தொண்ணூற்றைந்து பேரின் அளவுகளை 'நார்மல்' என்று வைப்பதுதான் பொதுவான வழக்கம். அப்படியென்றால் நோயே இல்லாதவருக்கும் இருபது பரிசோதனையில் ஒன்று எல்லை தாண்டத்தான் செய்யும். அறுபது பரிசோதனை உள்ள பேக்கேஜ் எடுத்தால், ஒன்றுமே இல்லாத மனிதருக்கும் சராசரியாக மூன்று போல்ட் எழுத்து வரும். அந்த மூன்றைத் துரத்திக்கொண்டு ஸ்கேன், மறுபடி டெஸ்ட், இன்னொரு டாக்டர் என்று அலைந்தவர்கள் என் ஆபீசிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

இதன் மறுபக்கம்தான் இன்னும் மோசம். எல்லைக்குள்ளேயே இருந்துகொண்டு மெதுவாக ஊர்ந்து போகிற எண்ணுக்கு போல்ட் கிடையாது.

ஆறு தாள்

2024-ல் அப்பாவுக்குக் காலில் லேசான வீக்கம். செருப்பின் வார் பதிந்த தடம் சாயங்காலம் வரை அப்படியே இருந்தது. "வயசாச்சுல்ல" என்றார். அம்மாதான் பிடிவாதமாகப் போனில் சொன்னாள். மறுபடி அதே லேபில் அதே பேக்கேஜ். இந்த முறை கிரியாட்டினின், அதாவது கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு, 1.9 என்று போல்டில் வந்தது. நான் லீவு போட்டுக்கொண்டு திருமங்கலம் போய், அப்பாவை மதுரையில் ஒரு கிட்னி டாக்டரிடம் கூட்டிப்போனேன். துணிக்கடைப் பைகள் அத்தனையையும் அப்பா கையோடு எடுத்து வந்திருந்தார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

டாக்டருக்கு எழுபதுக்குப் பக்கத்தில் வயதிருக்கும். பைகளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரே ஒரு தாளை உருவினார். மேஜை மேல் இருந்த முத்திரை டப்பா, காலண்டர், மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த பேனா ஸ்டாண்டு எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, ஆறு தாளையும் தேதி வரிசையில் இடமிருந்து வலமாகப் பரப்பினார். பிறகு பென்சிலை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரே வரியைச் சுழித்தார். சீட்டு விளையாடுகிறவர் கையைத் திறந்து காட்டுவது போல இருந்தது.

"தம்பி, இத வரிசையா வாசிங்க."

வாசித்தேன். 2013, பாயிண்ட் ஒம்பது. 2015, ஒண்ணு. 2017, ஒண்ணு பாயிண்ட் ஒண்ணு. 2018, ஒண்ணு பாயிண்ட் ரெண்டு. அங்கேயே என் குரல் இறங்கிவிட்டது. 2021, ஒண்ணு பாயிண்ட் மூணு. அதுதான் நான் கட்டைவிரல் போட்ட ரிப்போர்ட். அதே தாளில், பக்கத்துக் கட்டத்தில், நார்மல் அளவு 0.7 முதல் 1.3 வரை என்று அச்சாகியிருந்தது. எல்லைக் கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்த எண். தாண்டவில்லை, அதனால் போல்ட் இல்லை.

நான் ஆறாவது தாளுக்குப் போவதற்குள் அப்பா பேசினார். "ரீடிங் ஏறிக்கிட்டே வந்திருக்கே."

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அப்பா மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ரிடயர் ஆனவர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து மீட்டரைப் பார்த்து வெள்ளை அட்டையில் எழுதுவார்களே, அந்த வேலை. முப்பத்திரண்டு வருஷம் அதைத்தான் செய்தார். மீட்டர் காட்டுகிற எண்ணுக்குத் தனியாக ஒரு அர்த்தமும் கிடையாது, போன ரீடிங்கைக் கழித்தால்தான் யூனிட் வரும், யூனிட் வந்தால்தான் பில். சின்ன வயதில் அவர் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து நானும் லைனுக்குப் போயிருக்கிறேன். எப்போதும் நூற்றைம்பது யூனிட் ஓடுகிற வீட்டில் திடீரென்று இருநூற்றெண்பது ஓடினால் அப்பா அட்டையை எழுதிவிட்டு நகர மாட்டார். வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். "புதுசா என்ன வாங்குனீங்க? ஒண்ணும் வாங்கலையா? அப்ப வயரிங்கப் பாருங்க, எங்கயோ லீக் ஆகுது." பில் எழுதுவதோடு அவர் வேலை முடிந்தது. லீக்கைச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கில்லை. ஆனாலும் சொல்லுவார்.

அந்த மனிதர்தான் பதினொரு வருஷமாகத் தன் ரீடிங்கைப் பீரோவில் அடுக்கி வைத்துக்கொண்டு, ஒருமுறைகூட ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்காமல் இருந்திருக்கிறார். அது டாக்டர்கள் வேலை என்று நினைத்திருக்கிறார். பேக்கேஜோடு வந்த ஐந்து நிமிட டாக்டர், அந்த வருஷத்துத் தாளை மட்டும் பார்த்திருக்கிறார். பழைய தாளை யாரும் கேட்கவில்லை, இவரும் கொண்டு போகவில்லை. நானோ கட்டைவிரல் போட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். வயதையும் கிரியாட்டினினையும் வைத்து, கிட்னி எந்த வேகத்தில் வடிகட்டுகிறது என்று சொல்லலாமாம். இளவயதில் நூறு, நூற்றிருபது இருக்கும். அப்பாவுக்கு 2013-ல் கிட்டத்தட்ட 98. 2021-ல், எல்லாம் நார்மலாக இருந்தபோது, 60. இப்போது 37. கிட்னிக்குக் கையிருப்பு அதிகம் என்றார். ஒன்றைத் தானமாகக் கொடுத்தவர்கூட மீதி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு குறையும் இல்லாமல் நடமாடுவார். அதனால்தான் பாதி போகிற வரைக்கும் உடம்பு வாயைத் திறக்காது. கிரியாட்டினினும் எல்லைக்குள்ளேயே நின்று ஏமாற்றும்.

பிறகு மூத்திரப் பரிசோதனைப் பக்கத்தைப் புரட்டினார். கிட்னி கெட்டால் மூத்திரத்தில் கசிகிற புரதம், 2017-ல் 'ட்ரேஸ்', அதாவது லேசாக, என்று இருந்தது. 2021-ல் ஒரு பிளஸ். பி.பி. கட்டத்தில் 146/90, 150/92. அது எனக்கே நினைவிருக்கிறது. "மாடியேறி வந்ததும் எடுத்தாங்க, அதான்" என்று அப்பா சொன்னார், லேபில் இருந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்களாம். 140/90-க்கு மேல் வந்தால் இன்னொரு நாள், உட்கார வைத்து, மறுபடி பார்க்க வேண்டும். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

"வேற என்ன மாத்திரை போடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "முட்டி வலிக்கு மட்டும் மெடிக்கல்ல ஒண்ணு குடுப்பான்" என்று சட்டைப் பையிலிருந்து பாதி தீர்ந்த ஒரு அட்டையை எடுத்து வைத்தார். டைக்ளோஃபெனாக், தொடர்ந்து போட்டால் கிட்னியைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரை. ஆறேழு வருஷமாக, வாரத்துக்கு மூன்று நாலு. அப்பாவைப் பொறுத்தவரை அது மாத்திரைக் கணக்கிலேயே வராது, தலைவலித் தைலம் மாதிரி. டாக்டர் அந்த அட்டையை எடுத்துத் தன் மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். பதினொரு வருஷத்தில், அறுபது விதப் பரிசோதனையில், இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குச் செலவும் கிடையாது.

"போனது போனதுதான் சார். இருக்கிறதக் காப்பாத்திக்கிருவோம்" என்றார் டாக்டர். பி.பி. மாத்திரை, உப்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், மூத்திரம். வெளியே வரும்போது அப்பா என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். "நீ பாத்தேன்னுதான நெனச்சேன்?"

செக்கப்பே வேண்டாமா?

அந்தக் கோபத்தில் ரொம்ப நாள் இருந்தேன். செக்கப் என்பதே ஏமாற்று வேலை என்று ஆபீசில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்கு ஆதாரமும் கிடைத்தது. காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு 2019-ல் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்திருக்கிறது. பதினேழு ஆய்வுகள், இரண்டரை லட்சம் பேருக்கு மேல். நோயறிகுறி இல்லாதவர்களைக் கூப்பிட்டுப் பொதுவாக எல்லாப் பரிசோதனையும் செய்வதால் சாவு குறையவில்லை என்பதுதான் முடிவு. இதைப் பிரிண்ட் எடுத்து ஒட்டாத குறைதான்.

ஆனால் அந்த முடிவை வைத்துக்கொண்டு "அப்ப பி.பி.யும் பார்க்க வேண்டாம்" என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்பாவின் பையில் விஷயம் இருந்ததே. 2017-லேயே இருந்தது. ஒரு பென்சிலும் இரண்டு நிமிடமும் இருந்திருந்தால் அன்றைக்கே பி.பி. மாத்திரை தொடங்கி, முட்டி வலி மாத்திரையை நிறுத்தியிருக்கலாம். பரிசோதனை செய்ததில் குறையில்லை. எடுத்த ரீடிங்கை யாரும் கழித்துப் பார்க்காததுதான் குறை. மதுரை டாக்டரின் மேஜையில் பார்த்தது எனக்கு முழுசாகப் புரிந்தது என் சித்தி வீட்டுத் திண்ணையில்தான்.

சித்திக்கு உசிலம்பட்டிப் பக்கம் கிராமம். அறுபத்தாறு வயது. கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். அவளுக்கு மாஸ்டர் செக்கப் என்றால் என்னவென்றே தெரியாது. போன தையில் நான் போயிருந்தபோது, தோளில் பையை மாட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், அதே ஊர்ப் பெண்தான். வீடு தேடி வந்து பார்க்கிற அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் தன்னார்வலர். திண்ணையில் உட்கார்ந்து, சித்தியைச் சுவரில் சாய்ந்து உட்காரச் சொல்லி, "அஞ்சு நிமிசம் பேசாம இருங்கத்தே" என்றார். சித்தி பேசாமல் இருப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். அப்புறம் கையில் பட்டையைச் சுற்றிப் பி.பி. பார்த்தார். மெஷினில் எண் வந்ததும் அவர் செய்த முதல் காரியம், நோட்டை ஒரு பக்கம் பின்னால் புரட்டியது.

"என்னத்தே, போன மாசம் 138 இருந்துச்சு, இப்ப 152 காட்டுது. மாத்திர போட்டீகளா இல்லையா?"

"போட்டேன்டி."

"அப்ப கருவாடு."

சித்தி என்னைப் பார்த்தாள். "மாத்திரையும் போட்டேன், கருவாடும் தின்டேன். ரெண்டுல எதுக்குடி ஏறும்?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதி, அடுத்த வாரம் வந்து மறுபடி பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். என்னால் சிரிக்க முடியவில்லை. திருமங்கலத்தில் ஏசி ரூமில் இருபத்தெட்டுப் பக்க ரிப்போர்ட்டில் நடக்காத ஒன்று, திண்ணையில் முக்கால் மணிக்குள் நடந்து முடிந்திருந்தது.

அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய வருஷம் மாநிலம் முழுக்க எடுத்த கணக்கெடுப்பு ஒன்று, தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு முப்பத்துநாலு பேருக்கு ரத்த அழுத்தம் இருப்பதாகவும், அந்த நோயுள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் சொச்சம்தான் என்றும் சொன்னது. முதல் எண்ணைவிட இரண்டாவது எண்தான் என்னைப் பயமுறுத்துகிறது. எல்லா ஊரிலும் சித்தி ஊர் மாதிரி நடக்கிறது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சித்திக்கே மாத்திரை வராத மாதம் உண்டு, மாத்திரையின் நிறம் மாறிவிட்டால் அவள் அதைத் தொடமாட்டாள், அது தனிக்கதை. ஆனாலும் நோட்டில் பின்பக்கம் என்று ஒன்று இருக்கிறது.

மூத்திரத்தைக் காய்ச்சிப் பார்த்தவர்கள்

கிட்னி விஷயத்தில் இதை முன்பே செய்து காட்டியவர் சென்னையில் இருந்திருக்கிறார். சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி. டயாலிசிஸும் மாற்று சிறுநீரகமும் இந்த நாட்டில் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது, வராமல் தடுப்பதுதான் ஏழைக்கு வழி என்று விடாமல் எழுதியவர். எழுதியதோடு நிற்காமல், கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னைக்கு வெளியே கிராமங்களில் வீடு வீடாகப் பார்க்க ஏற்பாடு செய்தார். போனவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர்க்காரர்கள். பி.பி. பார்ப்பார்கள். மூத்திரத்தில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சில சொட்டு விட்டுக் கலங்குகிறதா என்று பார்ப்பார்கள், கலங்கினால் புரதம் போகிறது. பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துக் காய்ச்சினால் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்தால் சர்க்கரை. ப்ளஸ் டூ ஆய்வகத்தில் நாம் எல்லோரும் செய்து மதிப்பெண் வாங்கிய அதே சோதனை. கொடுத்த மருந்துகளும் பழைய, மலிவான மருந்துகள்: ரெசர்பின், ஹைட்ரோகுளோரோதயசைடு, கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின். நோய் இருந்தவர்களை விடாமல் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். மணி இதை 2003-ல் சர்வதேச மருத்துவ இதழிலேயே எழுதியிருக்கிறார். நான் ப்ளஸ் டூவில் அந்தச் சோதனைக் குழாயைக் காய்ச்சி மேலே தெறிக்கவிட்டு அடி வாங்கியவன். அதைவைத்து ஒரு கிராமத்துக் கிட்னிகளைக் காப்பாற்றலாம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் ஒழுங்காகக் காய்ச்சியிருப்பேன்.

இப்போது அப்பாவுக்கு கிரியாட்டினின் 1.7. முட்டி வலிக்குச் சுடுதண்ணி ஒத்தடமும், நாலு வகைப் பயிற்சியும், ஒரு கைத்தடியும். கைத்தடியைக் கல்யாண வீட்டுக்கு மட்டும் எடுத்து வரமாட்டார். வீட்டில் எங்கேயோ கிடந்த பழைய, எழுதாத வெள்ளை அட்டை ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார். தேதி, ரீடிங், யூனிட், தொகை என்று அச்சடித்த கட்டங்கள். ரீடிங்கில் கிரியாட்டினின். யூனிட்டில், போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உள்ள வித்தியாசம், கூடுதலா குறைவா என்ற குறியோடு. தொகைக் கட்டத்தில் லேபுக்குக் கொடுத்த பணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த அட்டையைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார். கட்டைவிரல் போட்டால் போன் வரும். "எத்தன யூனிட்னு எழுதி அனுப்பு" என்பார். எழுதித்தான் அனுப்புகிறேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் உட்கார்ந்து அப்பா தன் பி.பி.யைப் பார்த்து முடித்துவிட்டு, பட்டையை என்னிடம் நீட்டினார். எனக்கு நாற்பத்துநாலு வயது. ஆபீசில் வருஷா வருஷம் இலவசமாகச் செக்கப் செய்கிறார்கள். ரிப்போர்ட் மெயிலில் வரும், பாஸ்வேர்டு போட்டுத் திறக்க வேண்டும், ஒருமுறைகூடத் திறந்ததில்லை. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்தார். 144/92.

"போன ரீடிங் எவ்வளவு?"

"தெரியலப்பா."

உள்ளே போய் இன்னொரு அட்டையோடு வந்தார். மேலே என் பெயரை எழுதினார். தேதி எழுதினார், ரீடிங் எழுதினார். யூனிட் கட்டத்தில் ஸ்கேல் வைத்தது போல ஒரு கோடு இழுத்தார். புது இணைப்புக்கு அப்படித்தான் போடுவார்களாம்.